சரிக்குறி போட்ட கன்று

வேளாண்மை ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரு மனிதரை வெறுப்பது எப்படி என்பதைத்தான். நான்கு மாதத்தில் கற்றேன். ஏழு வருடம் மறக்காமல் வைத்திருந்தேன். கோபம் நாளாக நாளாக ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள் சரியாகக் கோபப்பட்டதே இல்லை என்பது என் எண்ணம். என்னுடையது ஆறவில்லை. நான்தான் ஆறவிடவில்லை.

எனக்கு வையம்பட்டிப் பக்கம். கிணற்றுத் தண்ணீரை நம்பி அப்பா அரை ஏக்கர் வாழை வைத்திருந்தார், மீதியில் சோளமும் கடலையும். வேளாண்மையில் பட்டம் முடித்து, பி.எட். சேர்ந்தேன். இரண்டாம் வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழக வேண்டும். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் அங்கே வேளாண்மைப் பிரிவு இருந்தது.

பயிற்சிக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பள்ளியில் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. பாடத்திட்ட நோட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் வகுப்புக்குள் நுழையலாம். கடைசியில் அவர் எழுதும் அறிக்கை கல்லூரிக்குப் போகும். ஆக, நான்கு மாதம் அவர்தான் நமக்கு எல்லாம்.

எனக்கு வாய்த்தவர் ஒரு டீச்சர். வயது ஐம்பது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடிப்புக் கலையாத முந்தானை, மேசையில் ஸ்கேல் வைத்து அடுக்கியதுபோல நோட்டுகள். படித்தது தாவரவியல். வேளாண்மைக்கு ஆள் இல்லாததால் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் மண்ணைத் தொட்டது வீட்டுத் துளசித் தொட்டியில் மட்டும்தான் என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. பள்ளியின் பின்பக்கம் 'வேளாண் செயல்முறைத் திடல்' என்று பெயிண்ட் அடித்த பலகை ஒன்று நின்றது. பலகைக்குப் பின்னால் ஆறு குரோட்டன்ஸ் தொட்டிகள். அவ்வளவுதான் திடல்.

பயிற்சிக்கு வருகிறவர்களை வைத்து எல்லாப் பள்ளியிலும் வேலை வாங்குவார்கள். விடைத்தாள் திருத்தினேன். கம்ப்யூட்டரில் வருகைப்பதிவு ஏற்றினேன். அவர் எழுத வேண்டிய பாடக் குறிப்பையும் நானே எழுதினேன். இதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. இது எல்லோருக்கும் நடப்பதுதான், தோழிகளோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். நான் கறுவிக்கொண்டது வேறொன்றுக்கு.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று உண்டு. மதிப்பெண்ணில் பெரிய பங்கு அதற்குத்தான். நான் எடுத்துக்கொண்ட பாடம், வாழையில் நடவுக்குக் கன்று தேர்ந்தெடுப்பது. வாழை என் வீட்டுப் பாடம். பிள்ளைகளுக்குக் கன்றையே கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் சீக்கிரமே கிளம்பி, கொள்ளிடக் கரையில் ஒரு தோப்புக்காரரிடம் கேட்டு, தாய் மரத்தின் பக்கத்திலிருந்து நான்கு கன்றுகளைக் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். யூரியா சாக்கில் போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, பள்ளிக்குத் தூக்கி வந்தேன். அந்த நாளுக்கென்றே வாங்கிய நீலப் புடவை. அதில் முழங்கால் வரைக்கும் மண்.

வாழைக் கன்றில் இரண்டு விதம் உண்டு. ஒன்று ஊசிக் கன்று. இலை ஒடுங்கி ஈட்டி போல இருக்கும், பார்க்க வறட்சியாகத் தெரியும், ஆனால் அடியில் கிழங்கு பெரிது. அதைத்தான் நட வேண்டும். இன்னொன்று நீர்க் கன்று. சின்னதாக இருக்கும்போதே இலை அகலமாக விரிந்து தளதளவென்று நிற்கும். கிழங்கு பெயருக்குத்தான் இருக்கும். நட்டால் சரியாக வேர் பிடிக்காது, தார் சிறுத்துப்போகும். தெரியாதவர்கள் அழகைப் பார்த்து நீர்க் கன்றை எடுப்பார்கள். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கையால் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் பாடம்.

மேசையில் செய்தித்தாள் விரித்துக் கன்றுகளை வைத்தேன். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். 'இது கனமா இருக்கு மிஸ்', 'எனக்குக் குடுடி' என்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈர மண் கொஞ்சம் தரையில் உதிர்ந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி பெஞ்சில் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்தார்.

"நிறுத்தும்மா. இது என்ன கிளாஸா, காந்தி மார்க்கெட்டா?"

சத்தம் அப்படியே நின்றது.

"வயக்காட்டுல நிக்கிற பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க. முதல்ல அந்தத் தரையைத் துடைங்க."

நான் அசையாமல் நின்றேன். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் ஒரு பெண்ணை அனுப்பி வாளியும் துணியும் கொண்டுவரச் செய்தார். முப்பது பிள்ளைகளுக்கும் பேராசிரியருக்கும் முன்னால், நான் பாடம் நடத்த வேண்டிய தரையில் முட்டி போட்டுத் துடைத்தேன். பேராசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் இருந்த பெண் எனக்கு இடைஞ்சல் இல்லாமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். அவள் மரியாதையாகத்தான் செய்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

"கன்னையெல்லாம் வெளிய வெச்சுட்டு, போர்டுல படம் போட்டு நடத்துங்க" என்றார்.

போட்டேன். நடத்தினேன். ஒரு பிள்ளையும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பயிற்சி முடியும் வாரத்தில், அறிக்கையை ஒட்டாத கவரில் போட்டு, அலுவலகத்தில் முத்திரை வாங்கி வரச் சொல்லி என்னிடமே கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. அல்லது, பார்த்தால்தான் என்ன என்ற அலட்சியம். மாடிப்படியில் நின்று படித்தேன். இரண்டு வரி. 'பாடப்பொருளில் தெளிவு இல்லை. வகுப்பறை ஒழுங்கு போதாது.'

இரண்டாவது வரியை நான் பொறுத்திருப்பேன். முதல் வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் நடக்கப் பழகியதே வாழைப் பாத்தியில்தான். எனக்கு வாழையில் தெளிவு இல்லையாம். மதிப்பெண் வந்தபோது வீட்டில் விஷயம் தெரிந்தது. அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார். "என்னம்மா, போயும் போயும் வாழையிலயா கோட்டை விட்ட?"

அறிக்கையைப் படித்த அன்று மாலையே எனக்கு வாய்ப்பு கிடைத்தது. அவரே கொடுத்தார்.

"ஏம்மா, உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கே. கற்பித்தல் துணைக்கருவிக் கண்காட்சி வருது. அந்த வாழைக் கன்னு பாடத்துக்கு ஒரு சார்ட் போட்டுக் குடு. கலரெல்லாம் நான் வாங்கித் தரேன். கீழே என் பேரு போட்டுடு."

பாடத்தை நிறுத்தி என்னைத் தரை துடைக்க வைத்தவர், அதே பாடத்துக்குச் சார்ட் கேட்கிறார். அதிலும் அவர் பெயர் வேண்டுமாம். சரிங்க டீச்சர் என்றேன்.

இரண்டு கன்றையும் நரம்பு நரம்பாக வரைந்தேன். கிழங்கை மட்டும் மண்ணுக்குள் இருப்பதாக விட்டுவிட்டேன், யாரும் அளவை ஒப்பிட்டுப் பார்த்துவிடக் கூடாது. ஊசிக் கன்றின் மேல் சிவப்பில் பெரிய தப்புக்குறி போட்டு 'கழிக்க வேண்டியது' என்று எழுதினேன். நீர்க் கன்றின் மேல் பச்சையில் சரிக்குறி போட்டு 'நடவுக்கு உகந்தது' என்று எழுதினேன். நம்பும்படியாக ஒரு காரணமும் சேர்த்தேன். 'அகன்ற இலை, அதிக உணவு, பெரிய தார்.' படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். முழுப் பொய். அப்போது எங்கள் கையில் இருந்த பாடக் குறிப்பில் 'ஆரோக்கியமான பக்கக் கன்றுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று மட்டும்தான் இருந்தது. எது ஆரோக்கியமானது என்று அது சொல்லவில்லை. நான் சொன்னேன். கீழே 'தயாரிப்பு' என்று போட்டு அவர் பெயரை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

டீச்சர் சார்ட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. சுத்தி ஒரு பூக்கொடி பார்டர் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

பார்டரும் போட்டுக் கொடுத்தேன்.

என் கணக்கு எளிமையானது. கண்காட்சியில் நடுவர்கள் பார்ப்பார்கள். வேளாண்மை தெரிந்த ஒருவராவது இருப்பார். 'என்னங்க இது, இது கூடத் தெரியாதா?' என்று நாலு பேர் முன்னால் கேட்பார். டீச்சருக்கு முகத்தில் ஈயாடக் கூடாது. அதைப் பார்க்கவே லீவு போட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றேன். மூன்று நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் பூக்கொடியைத் தடவிப் பார்த்தார். ஒருவர் ஸ்கெட்ச் பேனாவா, பெயிண்டா என்று கேட்டார். மூன்றாமவர் எழுத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீட்னெஸ்னா இதுதான்" என்றார். இரண்டாம் பரிசு. டீச்சருக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கிடைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரிசு வாங்கிய சார்ட் என்பதால் லேமினேட் செய்து வகுப்பறையில் நிரந்தரமாக மாட்டிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சரி, நல்லது, மாட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றில்லாவிட்டால் நாளை ஒரு ஆய்வு அதிகாரி வருவார். பிள்ளைகளைப் பற்றி நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. சுவரில் மாட்டிய சார்ட்டை எந்தப் பிள்ளை படிக்கிறது என்று இருந்துவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்தது, எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளியில், அதே வேளாண்மைப் பிரிவில். வருடா வருடம் கன்றுப் பாடம் வரும். பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்க் கிழங்கை வெட்டிக் காட்டுவேன். அப்போதெல்லாம் ஸ்ரீரங்கத்துச் சுவரில் தொங்கும் பச்சைச் சரிக்குறி ஞாபகம் வரும். ஒரு ருசியோடு ஞாபகம் வரும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களை நான் தங்கமாக நடத்தினேன். அவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அதையும் நான் அந்த டீச்சருக்கு எதிராகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஏழாம் வருடம், பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து போகும் தேர்வாளராக என்னைப் போட்டு ஆணை வந்தது. பள்ளியின் பெயரை மூன்று முறை படித்தேன். அதே ஸ்ரீரங்கம். அதே பள்ளி. அதே டீச்சர்தான் அங்கே உள் தேர்வாளர் என்று போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன்.

என் திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அப்பாவின் வாழையிலிருந்து ஓர் ஊசிக் கன்றும் ஒரு நீர்க் கன்றும் தோண்டிச் சாக்கில் போட்டுக்கொண்டேன். மேசையில் இரண்டையும் வைப்பேன். 'எதை நடுவீங்க?' என்று கேட்பேன். சார்ட் சொன்னதைப் பிள்ளைகள் சொல்லும். அந்த நேரத்துக்கு ஹெட்மாஸ்டரை அழைத்து உட்கார வைப்பேன். மீதியைச் சுவரே பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதனால் என் மனசாட்சியும் ஒத்துழைத்தது.

டீச்சருக்கு முடி நரைத்திருந்தது. முழங்கால் வலியாம், சுவரைப் பிடித்து நடந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் கண்ணாடி போட்டு, கொஞ்சம் பெருத்திருந்தேன், பெயருக்குப் பின்னால் புருஷன் பெயரின் முதலெழுத்து வந்திருந்தது. அவர் விழுந்து விழுந்து உபசரித்தார்.

"வாங்க மேடம். பஸ்ல கூட்டமா? உக்காருங்க. ஏம்மா, மேடத்துக்கு ஃபேன் போடு. காபி சொல்லட்டுங்களா?"

சாக்கை அவிழ்த்தேன். செய்தித்தாளை அவரே குனிந்து விரித்தார். மண் உதிர்ந்தது.

"பரவால்லீங்க மேடம், அப்புறம் துடைச்சுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். சார்ட் அங்கேயே இருந்தது. ஒரு மூலை மட்டும் சுருண்டிருந்தது. பச்சை கொஞ்சமும் வெளுக்கவில்லை.

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஹெட்மாஸ்டருக்கு, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று சொல்லி அனுப்பினேன். முதல் பெண் வந்தாள். எதை நடுவாய் என்றேன். அகலமான இலையைத் தொட்டாள். "அகன்ற இலை, அதிக உணவு, பெரிய தார்" என்றாள். நான் எழுதிய பொய், ஒரு சொல்லும் மாறாமல், ஏழு வருடம் கழித்து ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. இரண்டாவதாக வந்த பையனும் அதையே சொன்னான். மூன்றாவது, நான்காவது, எல்லோரும் அப்படியே. டீச்சர் பக்கத்தில் நின்று, 'நல்லாச் சொல்றாங்கல்ல மேடம்' என்பதுபோல என்னைப் பார்த்தார். நல்லாத்தான் சொல்றாங்க என்று தலையாட்டினேன். எனக்கு உள்ளே இனித்துக்கொண்டிருந்தது.

ஏழாவதாக ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னல். கேள்வியை முடிப்பதற்குள் நீர்க் கன்றை எடுத்துவிட்டாள்.

"யோசிக்காமலே எடுத்துட்டியே?" என்றேன்.

"எங்க வயல்லயே இதைத்தான் மேடம் நட்டிருக்கோம்."

"எந்த வயல்ல?"

"கொள்ளிடக் கரையில, அரை ஏக்கர். எங்க அப்பா எப்பவும் நெல்லுதான் போடுவாங்க. இந்த வருஷம்தான் முதல் தடவையா வாழை." அவளுக்குச் சொல்வதில் அவ்வளவு பெருமை. "அப்பா முதல்ல வேண்டாம்னாங்க மேடம். பக்கத்துத் தோப்புல எல்லாம் ஒல்லியா இருக்கிற கன்னைத்தான் வைக்கிறாங்கன்னு சொன்னாங்க. நான்தான் இந்தச் சார்ட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். படிக்கிற புள்ள சொல்லுதுன்னு சரின்னுட்டாங்க."

"கன்னு யார் குடுத்தா?"

"பக்கத்துத் தோப்புக்காரர்தான். இதுவா வேணும்னு கேட்டுச் சிரிச்சாராம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்கன்னு சும்மாவே குடுத்துட்டாரு."

"எப்ப நட்டீங்க?"

"தை கடைசியில. இருபது நாள் ஆச்சு மேடம்."

மதிப்பெண் போட எடுத்த பேனாவை மூடி வைத்தேன். ஒரு வருடம் இவள் அப்பா தண்ணீர் கட்டுவார், உரம் வைப்பார், முட்டுக் கொடுப்பார். கடைசியில் கைக்கு அடங்குகிற தார் வரும், இல்லாவிட்டால் அதுவும் வராது. மகள் சொன்னதைக் கேட்டதற்கு அதுதான் கிடைக்கும். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் படிப்பைப் பற்றி யார் என்ன பேசினாலும் அவளால் வாயைத் திறக்க முடியாது. இருபது நாள்தான் ஆகிறது, இப்போது பிடுங்கி மாற்றினால் தப்பித்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடி அமைந்துவிட்டது.

"நீ சொன்னது தப்பும்மா" என்றேன். கத்தியை எடுத்து இரண்டு கன்றையும் மேலே வெட்டி, கிழங்குகளை அவள் கையில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒன்று தேங்காய் அளவு. மற்றது ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. "எதுல பலம் இருக்குன்னு நீயே பாரு. நட வேண்டியது ஊசிக் கன்னு. வயல்ல இருக்கிறதை இந்த வாரமே மாத்தணும்."

அவள் கையில் இருந்த கிழங்கைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரும் சுவரைப் பார்த்தார்.

"ஏங்க டீச்சர், சார்ட்டுல தலைகீழா இருக்கே? உங்க பேருதானே போட்டிருக்கு?"

இதற்காகத்தான் ஏழு வருடம் காத்திருந்தேன். அந்தப் பெண்ணின் வயலைக்கூட ஒரு கணம் மறந்துவிட்டேன், அவ்வளவு ஆவல். டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்து வெளுத்தது. பிறகு அவர் பேசினார்.

"சார், அது நான் வரைஞ்சது இல்லீங்க. பேரு மட்டும்தான் என்னோடது. ட்ரெய்னிங் வந்த ஒரு பொண்ணு வரைஞ்சது. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா பாடத்துல தெளிவே கிடையாது. அப்பவே அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ல எழுதிட்டேன் சார், பாடப்பொருளில் தெளிவு இல்லைன்னு."

ஹெட்மாஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். 'ஓகோ, அப்ப சரியாத்தான் எழுதியிருக்கீங்க' என்பதுபோலத் தலையசைத்தார்.

அவர் எழுதியபோது அது பொய். அதை உண்மையாக்கிக் கொடுத்தது என் கை. பூக்கொடி பார்டரோடு ஆதாரம் செய்து, லேமினேட் செய்யும் அளவுக்கு அழகாகச் செய்து, அவர் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த ட்ரெய்னிங் பெண் ஒரு மக்கு, அவ்வளவுதான், கதை முடிந்தது. யாருக்கும் நான் என்று தெரியாது.

கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் என்னைக் கேட்டாள். "அந்த மிஸ்ஸுக்கு வாழையைப் பத்தித் தெரியாதா மேடம்?"

"தெரியும்" என்றேன். "நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் மாத்தி வரைஞ்சா. அது நான்தான்."

நேர்மையால் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாழை தெரியாதவள் என்ற பெயரை இன்னொரு நிமிடம் சுமக்க முடியவில்லை. அதைவிட அயோக்கியத்தனம் தேவலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

டீச்சர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். நீலப் புடவையோ வாளியோ ஞாபகம் வந்ததா, தெரியாது.

"என் மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாமேம்மா" என்றார். "பிள்ளைங்க படிக்கிறதுல போய்க் கையை வெச்சியே."

அவர் சொன்னது சரி. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் யோக்கியதை உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அவருக்கு இருந்திருக்கக் கூடாது. படிக்காமலே பெயரைப் போட்டுக்கொண்டவர் அவர். ஏழு வருடம் அதை வைத்துப் பாடம் நடத்தியவரும் அவர்தான். அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஹெட்மாஸ்டர் கையை உயர்த்தி, "மேடம், பிள்ளைங்க இருக்காங்க. பரீட்சையை முடிங்க" என்றார். முடித்தேன். அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அவர்கள் எனக்கு என் விடையைத்தானே திருப்பிச் சொன்னார்கள். போகும்போது சார்ட்டை நானே ஆணியிலிருந்து கழற்றினேன். டீச்சர் தடுக்கவில்லை. காபி மட்டும் மேசையில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாழையிலும் பக்கத்துத் தோட்டத்திலும் நல்ல ஊசிக் கன்றாகப் பார்த்துத் தோண்டி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோனேன். யாருக்கு என்று அப்பா கேட்டார். ஸ்டூடண்ட் ஒருத்திக்கு என்றேன்.

அந்தப் பெண்ணின் அப்பா வரப்பில் நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. இவ்வளவு தூரம் நீங்களே வரணுங்களா?" என்றார். நட்டதில் பாதியை ஏற்கனவே பிடுங்கிக் குவித்திருந்தார். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் பக்கத்துத் தோப்புக்காரரிடம் போய் நின்று, எது கன்று, எது கழிவு என்று அவரே கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

மூன்று பேருமாக வேலை செய்தோம். நான் ஆட்டோவிலிருந்து கன்றை எடுத்து, கிழங்கைச் சீவி, அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் குழியில் வைத்து மண் தள்ள வேண்டும். முதல் கன்றைக் கொடுத்தேன். தேடித் தேடி எடுத்தது, கிழங்கு கனமாக இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் குழிக்குப் போகவில்லை. இரண்டு பாத்தி தாண்டி அப்பாவிடம் போய் அதை நீட்டினாள்.

"இது சரியான கன்னாப்பா?"

அவர் எனக்காகச் சங்கடப்பட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கிழங்கைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பிறகுதான் அவள் அதைக் குழியில் இறக்கினாள். அடுத்ததைக் கொடுத்தேன். அதையும் அப்பாவிடம் கொண்டுபோனாள். வெயில் ஏறியது. நான் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் கன்று வரைக்கும் ஒன்றைக்கூட அவள் என்னை நம்பி நடவில்லை.